புறம்போக்கு: சொல்லும் நிலமும்

(தோட்டப் பாட்டாளிகளிடையே நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்துள்ளேன். 'புறம்போக்கு' என்பதே அச்சொல். நாம் அனைவரும் அறிந்த சொல்தான். அதனை நாம் இரண்டு இடங்களில் வழங்குகின்றோம். பட்டா இல்லாத நிலத்தைப் புறம்போக்கு நிலம் என்கின்றோம். அந்நிலத்தில் வீடு கட்டி வாழ்வோரைப் புறம்போக்குவாசிகள் என்று நம் நாளிதழ்களும் எழுதுகின்றன. இது ஓரிடம். மற்றோரிடம், சினம் மிகுந்து ஒருவரை ஏசும் இடம். எதற்கும் உதவாதவன், கேட்பாரற்றவன் என்னும் பொருளில் அச்சொல் வாயிலிருந்து வந்து விழுகின்றது. பெரியவர்கள் ஏசுவதைக் கேட்டுப் பள்ளிச் சிறுவனும் அதனைக் கற்றுக்கொள்கின்றான்.

இவ்விரு வழக்குகளுக்கும் பின்னால் ஒரே எண்ணந்தான் நிற்கின்றது. புறம்போக்கு என்றால் பயனற்றது, யாருக்கும் சொந்தமில்லாதது என்பதே அவ்வெண்ணம். அது பிழை. வெறும் சொற்பிழையாக இருந்தால் தமிழாசிரியர்கள் திருத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இப்பிழையை நம்பி, முப்பது நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவிச் சேர்த்த சிறு பணத்தையும், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த சேமநிதிப் பணத்தையும் கல்லாகவும் பலகையாகவும் மாற்றிப் பிறர் நிலத்தில் நட்டு, ஒரு காலைப்பொழுதில் இழந்து நின்ற குடும்பங்கள் இந்நாட்டில் பல. ஆகவேதான் இச்சொல்லைத் தோட்டத்து மக்கள் முன்னிலையில் எடுத்துப் பேச வேண்டியுள்ளது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பயிரிடாத நிலத்தைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. அவை அனைத்தும் ஒரு பொருளன. அல்ல என்பதே இங்கு அறிய வேண்டுவது. உழுதால் விளையும் நிலம் உழப்படாமல் கிடந்தால் அது தரிசு. கரம்பு என்பதும் ஏறக்குறைய அதுவே. உப்பும் உவரும் ஏறி, விதைத்தாலும் விளையாத நிலம் களர். மரமும் செடியுமற்ற வெளி பொட்டல். குடியும் பயிரும் இருந்து பின் அழிந்து கிடப்பது பாழ். நிலத்தோடு வாழ்ந்த மக்கள் நிலத்தின் நிலையை இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பெயரிட்டுள்ளனர். இளங்கோவடிகள் பாலையைப் பற்றிக் கூறுமிடத்தும் அதனைத் தனியொரு நிலமாகக் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டு மாறிய நிலையே பாலை என்று சிலப்பதிகாரத்தில் விளக்குகின்றார். வறண்டு கிடப்பது நிலத்தின் பிறவிக் குணமன்று. அஃது ஒரு நிலை என்பதே அவர் கருத்து.

தோட்டத்தில் இருக்கும் உங்களுக்கு இது எளிதில் விளங்கும். பழைய பால்மரங்களைச் சாய்த்தபின், மறுநடவுக் காலத்தில் நிலமெங்கும் கொடிப்பயிரைப் படரவிடுகின்றனர். வழியோடு செல்பவன் கண்ணுக்குக் காடு மண்டிக் கிடப்பதாகவே தோன்றும். ஆனால் அக்கொடியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்து மண்ணில் சேர்க்கின்றன. கொடியின் இலைகள் மழையின் வேகத்தைத் தாங்கி, மேல்மண் அரித்துச் செல்லாமல் காக்கின்றன. அதற்கு அடுத்த மேட்டிலேயே லாலாங் புல் ஏறிய நிலம் இருக்கலாம். அப்புல்லின் கிழங்குத் தண்டு மண்ணுக்குள் ஓடிப் பிற பயிரை வளரவிடாது. வெயில் காலத்தில் ஒரு தீப்பொறி போதும், அவ்வளவும் எரிந்துவிடும். இரண்டுமே அன்று பயிரில்லாத நிலங்கள்தாம். ஒன்று ஓய்வெடுக்கும் நிலம். மற்றொன்று கைவிடப்பட்ட நிலம்.

இவ்வரிசையில் புறம்போக்கு எங்கே வருகின்றது? எங்கும் வரவில்லை. நாம் அதனைத் தரிசுக்கு மறுபெயர் என்று கருதுகின்றோம். தரிசு என்பது நிலத்தின் நிலையைச் சொல்லும் சொல். புறம்போக்கு என்பதோ கணக்கைச் சொல்லும் சொல். புறம் என்றால் வெளி. வரி விதிக்கும் கணக்கிலிருந்து வெளியே போக்கி வைக்கப்பட்ட நிலம் புறம்போக்கு. ஏன் வெளியே வைத்தார்கள்? அந்நிலம் விளையாது என்பதற்காக அன்று. ஊருக்குப் பொதுவாக வேண்டும் என்பதற்காக.

இவ்வழக்கம் மிகப் பழமையானது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், முதலாம் இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களை வழங்கியபோது, ஒவ்வோர் ஊரிலும் வரி செலுத்த வேண்டாத நிலங்கள் எவை என்று கல்லில் வெட்டி வைத்தான். மக்கள் குடியிருக்கும் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சுடுகாடு, கம்மாளர்களும் உழவுத் தொழிலாளர்களும் வாழ்ந்த சேரிகள் ஆகியவை அப்பட்டியலில் அடங்கும். அவற்றை நீக்கிய பின்னரே எஞ்சிய நிலத்துக்கு வரி கணக்கிடப்பட்டது. இப்பட்டியலைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். குளமில்லாமல் ஊர் உண்டா? சுடுகாடு இல்லாமல் ஊர் உண்டா? உழைப்பவன் குடியிருக்க இடமில்லாமல் வயல்தான் உண்டா?

பிற்காலத்தில் ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணம் முழுவதும் அளக்கப்பட்டபோது, நிலங்கள் நன்செய், புன்செய், தரிசு, புறம்போக்கு எனப் பிரித்து எழுதப்பட்டன. தரிசு என்ற தலைப்பிலேயே தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என இருவகை உண்டு. புறம்போக்கு அதனின்றும் வேறாகத் தனித் தலைப்பில் வந்தது. ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு, சாலைப் புறம்போக்கு, நத்தம் புறம்போக்கு என்று அதன் வகைகளைக் கூறிக்கொண்டே போகலாம். நிலமற்ற ஏழை தன் ஆட்டை மேய்த்ததும், நெல்லடித்ததும், விறகு பொறுக்கியதும், மீன் பிடித்ததும் அங்கேதான்.

திருவள்ளுவர் ஒருவரை நிலத்தோடு ஒப்பிட்டுக் குறை கூற விரும்பியபோது எந்தச் சொல்லைத் தேர்ந்தார் தெரியுமா? கல்லாதவரைக் களர் நிலம் என்றார். விளையாத நிலத்தை உவமை கூறினார், பொருத்தமான சொல். நாமோ ஊரார் அனைவருக்கும் பயன் தந்த நிலத்தின் பெயரை எடுத்து வசைச்சொல் ஆக்கிக்கொண்டோம்!

இம்மாற்றம் எப்படி நேர்ந்தது? வரி வருமா என்ற ஒரே அளவுகோலால் நிலத்தை மதிப்பிட்ட ஆட்சியில், வரி தராத நிலம் மதிப்பில்லாத நிலமாகத் தோன்றத் தொடங்கியது. அதன் விளைவை அண்மைக் காலத்திலும் காணலாம். சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணை என்னும் பெரிய சதுப்பு நிலம் உண்டு. பல ஏரிகளின் மிகுதி நீர் வந்து தங்கிக் கடலுக்குச் செல்லும் இடம் அது. பயிர் விளையாத சேறுதானே என்று நகரத்துக் குப்பையை அங்குக் கொட்டினார்கள், கட்டடங்களும் எழும்பின. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் பெருமழை பெய்தபோது, தங்க இடமில்லாத வெள்ளம் வீடுகளுக்குள் தங்கியது. எஞ்சிய சதுப்பு 2022ஆம் ஆண்டில்தான் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கப்பலேறி வந்த நம் முன்னோர் கையில் நிலம் கொண்டுவரவில்லை. நிலத்தைப் பற்றிய சொற்களைக் கொண்டுவந்தனர். தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1950ஆம் ஆண்டுகளில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோதும், 1969ஆம் ஆண்டில் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி தேவைப்பட்டபோதும், பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோதும் வெளியேறிய குடும்பங்கள் எங்கே சென்றன? ஆற்றோரத்துக்கும், ரயில் தண்டவாள ஓரத்துக்கும், கைவிடப்பட்ட ஈயக்குட்டைகளின் கரைக்கும் சென்றன. அவ்விடங்களுக்கு நம்மவர் இட்ட பெயர் புறம்போக்கு. நாளடைவில் நிலத்தின் பெயர் அங்கு வாழ்ந்த மனிதரின் பெயராயிற்று. உழைத்து ஓய்ந்தவரை அப்பெயரால் அழைப்பது எனக்கு ஒருபோதும் உடன்பாடன்று. நிலமற்றோர் என்றோ குடியேறியோர் என்றோ எழுதினால் செய்தியில் என்ன குறைந்துவிடப் போகின்றது?

பெயரைவிடப் பெரிய தீங்கை விளைவித்தது அப்பெயரோடு வந்த நம்பிக்கை. பல ஆண்டுகள் ஓரிடத்தில் இருந்துவிட்டால் அது நமக்கே உரியதாகிவிடும் என்று நம்மவர் நம்பினர். இந்நம்பிக்கை முற்றிலும் மூடத்தனம் என்று கூறமாட்டேன். தமிழகத்தில் அதற்கு அடிப்படை உண்டு. அங்கு நத்தம் நிலத்தில் வீடு கட்டி வாழ்பவருக்கு அம்மனை உரியது என்பது நெடுங்கால வழக்கு. ஆட்சேபணையற்ற புறம்போக்கில் வாழ்வோருக்கு அரசு அவ்வப்போது பட்டா வழங்குவதும் உண்டு. அந்நாட்டின் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலத்தைத் தடையின்றியும் வெளிப்படையாகவும் எதிருரிமையோடு அனுபவித்து வருபவர் 12 ஆண்டுகளுக்குப் பிறகும், அரசு நிலமாயின் 30 ஆண்டுகளுக்குப் பிறகும் உரிமை கோர இடமுண்டு.

மலேசியாவில் அவ்வாறு இல்லை. தீபகற்ப மலேசியாவில் 1966ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டம் இதனைத் திட்டவட்டமாகக் கூறிவிட்டது. அரசு நிலத்தில் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அதனால் உரிமை பிறக்காது என்று அதன் 48ஆம் பிரிவு கூறுகின்றது. தனியார் நிலத்துக்கும் அவ்வாறே என்று 341ஆம் பிரிவு கூறுகின்றது. மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கலாம். தென்னையும் மாவும் பலாவும் நட்டுக் காய்த்திருக்கலாம். நிலப் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். மின்சாரக் கட்டணச் சீட்டு, தண்ணீர்க் கட்டணச் சீட்டு, வாசலில் ஒட்டிய வீட்டு எண் ஆகியவை அங்கு மக்கள் வாழ்கின்றனர் என்பதற்குச் சான்று. நிலம் அவர்களுடையது என்பதற்குச் சான்றாகா. வீடு உடைக்கப்படும்போது மாற்று வீடோ இழப்பீடோ கிடைத்தால், அது பேச்சுவார்த்தையாலும் மனிதாபிமானத்தாலும் கிடைப்பதாகவே பெரும்பாலும் இருக்கும். சிலாங்கூர் மாநிலம் 2005ஆம் ஆண்டுக்குள் இத்தகைய குடியிருப்புகளே இல்லாத மாநிலமாக வேண்டும் என்று இலக்கு வகுத்தபோது, இவ்வேறுபாட்டைப் பலர் காலங்கடந்தே அறிந்தனர்.

தமிழகத்துப் புறம்போக்குக்கு நிகரான நிலம் இங்கு உண்டா எனக் கேட்பீர்கள். உண்டு. அதற்கு ரிசர்வ் நிலம் என்று பெயர். பொதுப் பயனுக்காக அரசு நிலத்தை ஒதுக்கி, அரசாங்க இதழில் அறிவிக்கும் அதிகாரத்தை அச்சட்டத்தின் 62ஆம் பிரிவு மாநில அரசுக்கு வழங்குகின்றது. ஆற்று ரிசர்வ், சாலை ரிசர்வ், மயான ரிசர்வ் என நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆறு பெருகும்போது விரிந்து ஓடுவதற்காகவே ஆற்றோரத்தில் இடம் விடப்பட்டுள்ளது. அங்கு வீடு கட்டினால் நிலமும் நமதாகாது; வெள்ளம் வரும்போது முதலில் போவதும் அவ்வீடாகவே இருக்கும்.

வேறொன்றையும் இங்குக் கூற வேண்டும். வெறுமையாகத் தோன்றும் காடு உண்மையில் வெறுமையானதன்று. ஓராங் அஸ்லி மக்கள் ஓரிடத்தில் பயிர் செய்து, பின் அதனைப் புதராக வளரவிட்டு, ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருவது மரபு. மலாயில் பெலுகார் எனப்படும் அப்புதர்க்காடு அவர்களுடைய தரிசு. சிலாங்கூர் டெங்கில் அருகே புக்கிட் தம்போயில் தெமுவான் இனத்தாரின் நிலம் நெடுஞ்சாலைக்காக 1995ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. நிலத்துக்கு அவர்களிடம் பத்திரம் இல்லை. எனினும் மரபுவழி அவர்களுக்கு அந்நிலத்தில் உரிமை உண்டு என்றும், நிலத்துக்கே இழப்பீடு தர வேண்டும் என்றும் 2002ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. நிலச் சட்டம் பிறப்பதற்கு முன்பே வேரூன்றிய பூர்வகுடிகளின் உரிமை அது. நேற்று வேலி போட்டவர் அதனைத் தமக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ள இயலாது.

சிலரிடம் தற்காலிக நில உரிமம் உண்டு. அதனைப் பட்டா என்று எண்ணிப் பெட்டியில் பூட்டி வைத்திருப்போரைக் கண்டுள்ளேன். அவ்வுரிமம் அந்தந்த ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளோடு முடிவடைகின்றது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உரிமம் பெற்றவர் காலமானால் உரிமமும் முடிவடையும். அதனை விற்கவோ பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவோ இயலாது. ஆகவே, உரிம நிலத்தை விற்கின்றேன் என்று ஒருவர் சொன்னால், தம்மிடம் இல்லாததை விற்கின்றார் என்று பொருள். வெள்ளைத் தாளில் ஒப்பந்தம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட்டு, முத்திரை குத்திக் கொடுத்தாலும் நிலை மாறாது. கையெழுத்து இன்னாருடையது என்பதற்கே அம்முத்திரை.

இவற்றைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. உரிமையுள்ள நிலத்தை முறையாகப் பெற்ற வரலாறும் நமக்கு உண்டு. தோட்டத் துண்டாடலால் பாட்டாளிகள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் சேர்த்து, 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டமே அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம். சீவுகத்தி பிடித்த கைகளின் பணம் நிலப் பதிவேட்டில் பெயராக ஏறியது அப்போதுதான்.

இன்று பால்மரக் காடுகள் சுருங்கிவிட்டன. செம்பனையும் வீடமைப்பும் அவ்விடங்களைப் பிடித்துக்கொண்டன. நீங்கள் வேலை செய்யும் தோட்டமும் ஒருநாள் கைமாறலாம். அப்போது வீட்டைப் போலவே கேள்விக்குள்ளாகும் மூன்று இடங்கள் உண்டு. அவை கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு. பழைய துரை வாய்மொழியாகக் கொடுத்த இடத்தில் நம் பாட்டன்மார் கோயிலைக் கட்டினர். தோட்டம் நடக்கும் வரையில் யாரும் கேட்கமாட்டார்கள். நிலம் விற்கப்பட்ட மறுநாள், நூறாண்டுக் கோயிலும் அனுமதியின்றிப் பிறர் நிலத்தில் நிற்கும் கட்டடமாகக் கருதப்படும். வாய்ச்சொல்லுக்குப் பதிவேட்டில் இடமில்லை. ஆகவே பேச வேண்டிய காலம் நிலம் விற்கப்படுவதற்கு முன்னரே. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறுவதற்குத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று சட்டம் கூறுகின்றது. அந்நேரத்திலேயே கோயில் குழுவினரும் பள்ளிப் பெற்றோர் சங்கத்தாரும் தொழிற்சங்கத்தின் துணையோடு நிர்வாகத்திடம் எழுத்து மூலம் விண்ணப்பித்து, அவ்விடங்களைத் தனி மனையாகப் பிரித்துத் தனிப் பத்திரம் பெற முயல வேண்டும். பொங்கல் நாளில் மாலை போட்டு வாக்குறுதி வாங்குவதைவிட இது பயன் தரும்.

நிலத்தைப் பற்றி அறிய யாருடைய சிபாரிசும் தேவையில்லை. மனை எண்ணையோ பத்திர எண்ணையோ அறிந்து, மாவட்ட நில அலுவலகத்திலோ மாநில நிலப் பதிவு அலுவலகத்திலோ சிறு கட்டணம் செலுத்தினால், அந்நிலம் யார் பெயரில் உள்ளது, விவசாயத்துக்கா கட்டடத்துக்கா, அடமானத்தில் உள்ளதா, விற்பனைக்குத் தடை ஏதும் உண்டா என்பன அடங்கிய அறிக்கையைப் பெறலாம். இத்தேடலை யாரும் செய்யலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்துகொள்ளுங்கள். மனை எண் தெரியவில்லையென்றால், அருகிலுள்ள பத்திரமுள்ள மனையின் எண்ணைக் குறித்துக்கொண்டு சென்று, நில அலுவலகத்தின் வரைபடத்தில் அதற்கு அடுத்த இடத்தைக் காட்டுமாறு கேளுங்கள். வரைபடத்தில் ரிசர்வ் என்று இருந்தால் அவ்விடத்தை விட்டுவிட்டு வேறிடம் தேடுங்கள்.

 பத்திரமோ உரிமமோ கையில் வைத்திருப்பவர்கள் இருந்தால் முன்னே வாருங்கள்; அமர்ந்து படித்துப் பார்ப்போம்.